சரசு பிடித்து வைத்த சுவர்

ரமணன் செய்த ஒரே தப்பு, விண்ணப்பத்தில் கேட்ட கேள்விகளுக்கு உண்மையைப் பதிலாக எழுதியதுதான்.

அவர் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரின் மார்சிலிங் பகுதியில் வீடு. சமூக மன்றத்து வகுப்பில் எண்ணெய் வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டு, வீட்டுக்குப் பின்பக்கம் வாஷிங் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்றபடி படம் போடுவார். டர்பன்டைன் வாடை சாம்பாரில் ஏறுகிறது என்று மனைவி சரசு தினமும் ஒரு பாட்டம் திட்டுவாள். முடித்த படங்கள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சுவரில் மாட்டலாம் என்றால் அதற்கும் அனுமதி கிடையாது.

"ஆணி அடிச்சா பக்கத்து வீட்டு மிசஸ் டான் வந்து கதவத் தட்டுவாங்க. யாரு பதில் சொல்றது?" என்பாள் சரசு.

ஆக, ரமணனுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை பெரியதல்ல. தன் படம் ஒன்றாவது எங்காவது ஒரு சுவரில் தொங்க வேண்டும். அதற்கு மேலே ஒரு விளக்கு எரிய வேண்டும். நாலு பேர் நின்று பார்க்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் 'ஹைஃபன்' கலைக்கூடம் உறைவிடக் கலைஞர்களுக்கு விண்ணப்பம் கேட்டிருந்தது. மூன்று மாதம் தனி அறை, பெரிய ஜன்னல், குளிர்சாதனம், முடிவில் கண்காட்சி. தேக்கா சந்தைப் பக்கம் பூக்கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் நடுவில் ஏறும் படிக்கட்டின் உச்சியில் இருக்கிறது அந்தக் கலைக்கூடம். பெயர்ப்பலகையில் பெயர் இல்லை. சின்னதாக ஒரு கோடு மட்டும்தான். பூக்கடைக்காரர் அதைச் சுவரில் விழுந்த விரிசல் என்று எண்ணிக் கட்டட உரிமையாளரிடம் புகார்கூடச் செய்திருக்கிறார்.

விண்ணப்பத்தில், 'உங்கள் கலைச் செயல்பாடு எந்தெந்த எல்லைகளுக்கு இடையே நிகழ்கிறது?' என்று கேட்டிருந்தார்கள். ரமணன், 'வாஷிங் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில்' என்று எழுதினார். 'அதை ஒடுக்கும் சக்திகள் எவை?' என்ற கேள்விக்கு, 'என் மனைவி' என்று எழுதினார். தேர்வுக்குழுவினர் அதை இரண்டு முறை படித்தார்களாம். பிறகு ஏகமனதாக அவரைத் தேர்ந்தெடுத்தார்களாம்.

முதல் நாள் வண்ணப்பெட்டி, தூரிகைகள், கித்தான் சட்டங்கள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ரமணன் படியேறினார். இயக்குநர் ரஞ்சன் வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தலை முதல் கால் வரை கறுப்பு. லண்டனில் சுவர்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர்.

"அங்கிள், இதெல்லாம் என்ன?"

"பெயிண்ட்டு, தம்பி."

ரஞ்சன் முகத்தில் இழவு வீட்டுக்கு வந்தவரின் பரிவு படர்ந்தது. "அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. பெயிண்டிங்க நாங்க மதிக்கிறோம். ரொம்ப மதிக்கிறோம். அதனாலதான் இங்க யாரும் அதச் செய்யறதில்ல."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"செய்யணும்னு ஏன் நெனைக்கிறீங்க? அந்த நெனைப்புலேருந்து வெளிய வர்றதுக்குத்தான் ரெசிடென்சி. நாங்க பொருளுக்கு எதிரா நிக்கறவங்க. ப்ராசஸ்தான் முக்கியம்." அவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "அதோட, தரை வேற புதுசா பாலிஷ் போட்டிருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு யோகா கிளாசுக்கு வாடகைக்கு விடறோம். அவங்க பாய் விரிக்கணும்."

இப்படியாக, உறைவிடக் கலைஞர் என்ற பட்டத்தோடு ரமணன் தினமும் ஆறு மணிக்கு முன்னால் உறைவிடத்தைக் காலி செய்தார்.

வாரம் ஒருமுறை 'பகிர்தல் வட்டம்' நடந்தது. எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். நாற்காலி அதிகாரத்தின் சின்னம் என்பதால் ரமணனின் முழங்கால் வலிக்கு அங்கே இடமில்லை. முதல் வட்டத்தில், போன தடவை உறைவிடக் கலைஞராக இருந்த ஓர் இளைஞர் தன் படைப்பை விளக்கினார். வெகு தொலைவிலுள்ள சுவா சூ காங்கிலிருந்து கலைக்கூடம் வரை நடந்தே வருவதாக அவர் திட்டமிட்டிருந்தார். வெயில் காரணமாக நடக்கவில்லை. நடக்காமல் இருந்ததையே அவர் படைப்பாக்கி, அதற்கு 'நடவாத நடை' என்று பெயர் வைத்திருந்தார்.

"நடக்காதப்ப உங்க உடம்பு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டாள் இன்ஷா. அவள்தான் கண்காட்சிகளை அமைப்பவள். கெட்டிக்காரப் பெண். கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் எதையோ மன்னித்துக்கொண்டிருப்பதுபோல ஒரு பார்வை.

"படுத்துக்கோன்னு சொல்லுச்சு," என்றார் இளைஞர்.

வட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ரமணனுக்கும் அது நியாயமாகவே பட்டது. சுவா சூ காங்கிலிருந்து யார் நடப்பார்கள்? ரயில் இருக்கிறது.

அவர் முறை வந்தபோது, "நான் இன்னும் ஒண்ணும் ஆரம்பிக்கல," என்று கூச்சத்தோடு சொன்னார். இன்ஷா அதை உடனே குறித்துக்கொண்டாள். அடுத்த வாரம், "இங்க வரைய விடமாட்டேங்கறாங்க," என்றார். அதைக் கேட்டு ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனுஷர் வாயைத் திறந்து குறை சொன்னாலும் அது கோட்பாடாகிவிட்டது. அதற்குப் பிறகு பேசவே பயந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மௌனம் நாளுக்கு நாள் முதிர்ச்சி அடைந்துவருகிறது என்று ரஞ்சன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆனால் கை சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில், பழையபடி வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று ரமணன் வரைந்துகொண்டுதான் இருந்தார். படம் போட அறை வேண்டும் என்று விண்ணப்பித்தவருக்கு அறையும் கிடைத்து, படம் போட வீட்டுக்கே வர வேண்டியதாகவும் ஆகிவிட்டது.

அந்தப் படம் சரசுவைப் பற்றியது. அவள் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சமையல் செய்கிறாள். அத்தனை பிள்ளைகளுக்கும் ஊட்டி முடித்துவிட்டு, கடைசியில் நின்றுகொண்டே இரண்டு வாய் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். வீட்டிலும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து நேரே தேக்காவுக்கு வந்தவளை ரமணன் பிரியாணிக் கடையில் உட்கார வைத்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், எதிரே புருஷன் இருப்பதையும் மறந்து அவள் சாப்பிட்டாள். ரமணன் தன் தட்டைத் தொடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவள் உட்கார்ந்து சாப்பிட்டு நாம் பார்த்ததே இல்லையே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அதைத்தான் வரைந்தார்.

படம் காய்ந்த அன்று சரசு பார்த்தாள். போய்ச் சமையலறையைக் கழுவினாள். கழுவி முடித்துவிட்டுத் திரும்ப வந்தாள்.

"என் கை இவ்ளோ தடிப்பாவா இருக்கு?"

"இருக்கு."

"ம்." இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தாள். "அன்னிக்கு நல்ல பசி. அது தெரியுது."

அவர் படத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளப்போனார். சரசு தடுத்தாள். "இத எதுக்கு அங்க போடுறீங்க? எக்சிபிஷன்ல மாட்டத்தானே போறாங்க?"

மறுநாளே பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டு, அந்தப் பக்கம் மலிவாகச் செய்யும் கடையில் சட்டம் போடக் கொடுத்தாள். வேலை செய்யும் இடத்தில் எல்லாரையும் அழைத்தாள். மிசஸ் டானையும் அழைத்தாள். தனக்கு ஒரு புதுப் புடவையும் எடுத்துக்கொண்டாள். ரமணன் எதையும் தடுக்கவில்லை. தடுக்க என்ன இருக்கிறது, கண்காட்சி என்றால் படம் மாட்டுவார்கள் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது இன்ஷா அவரை ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். வெள்ளைச் சுவர். நடுவில் ஓர் ஆணி. ஆணிக்கு மேலே அழகான விளக்கு.

"அங்கிள், இதுதான் உங்க சுவர்."

ரமணன் ஆணியை விரலால் தொட்டுப் பார்த்தார். "ரொம்ப நன்றிமா. படம் கரெக்டா இருக்கும். சைஸ் சொல்லட்டுமா?"

"படமா? இல்ல அங்கிள். இப்படியேதான். 'வரையாத மூன்று மாதம்', அதான் டைட்டில். ஆணி மட்டும் இருக்கும். இல்லாமைய அது பாயிண்ட் பண்ணுது."

"நான் வரைஞ்சேனேம்மா. வீட்ல. முடிச்சுட்டேன்."

இன்ஷா பதறிவிட்டாள். "ஐயோ, அத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கேட்டலாக் பிரிண்ட்டுக்குப் போயிருச்சு."

ரமணன் ரஞ்சனிடம் போனார். ரஞ்சன் பொறுமையாகக் கேட்டார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பவர்தான்.

"அங்கிள், ஒரு காலிச் சுவர் எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. எல்லாரும் அதுல எதையாச்சும் மாட்டிடணும்னு துடிக்கறாங்க. எட்டு வருஷமா நாங்க தடுத்துக்கிட்டு இருக்கோம். எங்களுக்கு நிதி குடுக்கறவங்க கேக்கறாங்க, போன வருஷம் என்ன காட்டினீங்கன்னு. நான் தைரியமா சொன்னேன், ஒண்ணும் காட்டலன்னு. நிதியக் கூட்டிக் குடுத்தாங்க. இப்ப போய் ஒரு படத்த மாட்டினா நாங்க எதுக்காக இருக்கோம்னு ஒரு கேள்வி வந்துடும் இல்லையா?"

ரமணன் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்குப் போய்ச் சரசுவிடம் சொன்னார். கூடவே அவளுக்கு ஆறுதலாக, சுவர் காலியாகத்தான் இருக்கும், ஆனால் நம் பேர் பக்கத்தில் பெரிதாக இருக்கும் என்றும் சொன்னார்.

சரசு வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "காலியா இருக்கா?"

"ஆமா."

"யாரும் அங்க எதுவும் வைக்கல?"

"ஒரு ஆணிதான்."

"அப்ப என்ன லா பிரச்சன? சட்டம் போட்டாச்சு. வரும்," என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

அந்த 'வரும்' ரமணனைத் தூங்கவிடவில்லை. திறப்பு விழா அன்று காலையிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் ஒத்திகை நடந்தது. நாடா வெட்டுவது காலனித்துவப் பழக்கம் என்பதால் ரஞ்சன் நாடாவை ஒழித்துவிட்டிருந்தார். கத்தரிக்கோல் மட்டும் உண்டு. சிறப்பு விருந்தினர் காற்றை வெட்டுவார். ஒத்திகையில் விருந்தினருக்குப் பதிலாக ரமணன் நின்று காற்றை வெட்டினார்.

"மெதுவா வெட்டுங்க அங்கிள். போட்டோவுல வெட்டினது தெரியணும்," என்றார் ரஞ்சன்.

சாயங்காலம் எல்லாருக்கும் முன்னால் சரசு புதுப் புடவையில் வந்துவிட்டாள். கையில் படம் இல்லை. ரமணனுக்கு உயிர் வந்தது.

"தங்கச்சி வீட்டுக்காரர் கார்ல எடுத்துட்டு வர்றாரு. பி.ஐ.ஈ எக்ஸ்பிரஸ்வேல ஜாமாம்," என்றாள்.

வந்த உயிர் போய்விட்டது.

சரசு சுவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆட்கள் ஒவ்வொருவராகப் படியேறி வர ஆரம்பித்திருந்தார்கள். எவனாவது இந்த ஆணியில் வேறு எதையாவது மாட்டிவிட்டால் என்ன செய்வது என்று அவள் கவலை அவளுக்கு. கைப்பையைத் திறந்து ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்தாள். அதன் மேல்மடிப்பை ஆணியில் செருகினாள். விளக்கு வெளிச்சம் அதன்மேல் அழகாக விழுந்தது.

"அவங்க வர்ற வரைக்கும் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் தங்கையை எதிர்பார்த்துக் கீழே பூக்கடை வாசலுக்குப் போய்விட்டாள்.

சிங்கப்பூரில் இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் மதிய நேரத்தில் சாப்பாட்டுக் கடை மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். தட்டோடு பசித்து நிற்பவன் மந்திரியே ஆனாலும் அடுத்த மேசையைத்தான் தேடுவான். இப்படி ச்சோப் பண்ணி, அதாவது பிடித்து வைத்த இடத்தில் உட்கார்ந்தவன் இந்த ஊரில் பிறந்தவனாக இருக்க முடியாது.

ரமணன் பாக்கெட்டை எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினார். பெண்டாட்டி வைத்ததுதான். ஆனாலும் கை போகவில்லை.

கூட்டம் சேர்ந்தது. இன்ஷாவின் ஏற்பாட்டுப்படி எல்லாரும் காலிச் சுவருக்கு முன்னால் நின்று இல்லாமையை உணர வேண்டும். யாரும் கிட்டே போகவில்லை. தூரத்தில் நின்று பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த அறையில் எதைக் காட்டினாலும் கலை என்று நம்பத் தயாராக இருந்தவர்கள் கூடியிருந்தார்கள். மூலையில் இருந்த தீயணைப்புக் கருவியை இரண்டு பேர் வெகுநேரம் ரசித்தார்கள். டிஷ்யூ பாக்கெட்டை மட்டும் யாரும் கலை என்று நினைக்கவில்லை. அது என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். படம் பிடிக்கப் போனவர் ஒருவர்தான். அவர் பெர்லினிலிருந்து முதல்நாள்தான் வந்திருந்த விமர்சகர். பக்கத்தில் நின்ற மிசஸ் டான் அவர் தோளை மெல்லத் தொட்டு, அங்கே யாரோ வரப்போகிறார்கள் என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்.

இன்ஷா ஓடிப்போய் ரஞ்சனை அழைத்து வந்தாள். "யாரோ ச்சோப் பண்ணிட்டாங்க!"

"எடுத்துடு."

"நானா? நீங்க டைரக்டர். நீங்க எடுங்க."

தனியுடைமை என்பதே சுவர்களிலிருந்துதான் பிறந்தது என்று தடித்த புத்தகம் எழுதியவர் ரஞ்சன். துணிந்து முன்னால் போனார். கையை உயர்த்தினார். கூட்டத்தில் யாரோ 'ச்' கொட்டினார்கள். ரஞ்சனின் கை அப்படியே நெற்றிக்குப் போய் வியர்வையைத் துடைத்துக்கொண்டது.

"யாரோடதுன்னு கேட்டியா?" என்றார் இன்ஷாவிடம், ரகசியமாக.

அதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். திரு. இராமசாமி பல சங்கங்களுக்குத் தலைவர், எல்லாத் திறப்பு விழாக்களுக்கும் நேரத்தோடு வருபவர். காற்றைச் சிறப்பாக வெட்டினார். பேசுவதற்காக அவரைக் காலிச் சுவருக்கு முன்னால் நிறுத்த வேண்டும். அவர் ஆணியைப் பார்த்தார், இரண்டு அடி பின்வாங்கினார்.

"இங்க ஆள் இருக்கு போல. நான் அந்தப் பக்கம் நிக்கறேன்," என்று கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பிறகு தொண்டையைச் செருமி மேடைத் தமிழுக்கு மாறினார்.

"அவையோர் அனைவருக்கும் வணக்கம். கலையைப் பற்றி அடியேனுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் எல்லாக் கலை நிகழ்ச்சிகளுக்கும் என்னையே அழைக்கிறார்கள் என்று எண்ணுகிறேன். சென்ற ஆண்டு இங்கே காலிச் சுவரைத் திறந்துவைத்தேன். இவ்வாண்டும் காலிச் சுவரைத் திறந்துவைப்பதில் மகிழ்ச்சி. ஒரு நிறுவனம் தன் தரத்தைத் தொடர்ந்து காப்பாற்றிவருவது எளிதன்று…"

கைதட்டல் ஓய்வதற்குள் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. முன்னால் சரசு, பின்னால் அவள் தங்கை, அதற்குப் பின்னால் போர்வை சுற்றிய பெரிய சட்டத்தைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்காரர்.

"எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ. நம்ம இடம்," என்றாள் சரசு.

கூட்டம் உடனே விலகி வழிவிட்டது. இடத்துக்கு உரியவர் வந்துவிட்டதில் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. சரசு பாக்கெட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "மாட்டுங்க," என்றாள் புருஷனிடம்.

ரஞ்சன் வாயைத் திறந்தார். "ஆன்ட்டி, அது வந்து… இந்தச் சுவர்…"

"தம்பி," என்றார் இராமசாமி, மேடைத் தமிழை விட்டுவிட்டு. "அவங்க முன்னாடியே இடம் புடிச்சு வச்சிருந்தாங்க. நான் பாத்தேன்."

சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள். இன்ஷாவே தலையாட்டினாள். எட்டு வருஷக் கொள்கை அந்த இடத்தில் செல்லுபடியாகவில்லை. ரமணன் படத்தைத் தூக்கி ஆணியில் மாட்டினார்.

கூட்டம் நெருங்கி வந்தது. விளக்குக்குக் கீழே சரசு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தடித்த விரல்கள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தன. குனிந்த முகத்தில் பசியைத் தவிர வேறு நினைப்பே இல்லை. யாரும் எதையும் உணரும்படி யாரிடமும் சொல்லவில்லை.  ரமணனுக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது.

முதலில் பேசியவர் இராமசாமிதான். "ஏம்மா, இது எந்தக் கட பிரியாணி?"

"தேக்கா உள்ளாற, மீன் மார்க்கெட் பக்கம் திரும்பினா மூணாவது கட," என்றாள் சரசு. "எட்டு மணிக்கெல்லாம் மூடிருவாங்க. இப்ப போனாதான் கெடைக்கும்."

கலைக்கூடத்தின் விருந்து மேசையில், கரித்தூள் கலந்த கறுப்பு பிஸ்கட்டுகள் விரல்நகம் அளவில் காத்திருந்தன. அவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இராமசாமி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். சிறப்பு விருந்தினரே போகும்போது மற்றவர்கள் நிற்பது மரியாதையாக இருக்காது. பெர்லின்காரரை மிசஸ் டான் கையைப் பிடித்தே கூட்டிப் போனார். இன்ஷா கேட்டலாக்குகளை மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். தங்கையும் அவள் வீட்டுக்காரரும், தூக்கி வந்த களைப்பு தீர, அவர்களோடு போனார்கள்.

ரஞ்சன் மட்டும் படத்துக்கு முன்னால் நின்றார். ஏதோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தார். மூன்று மாதமாக இந்த மனிதரின் வாயிலிருந்து படம் வரைவதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராதா என்று காத்திருந்த ரமணன் ஓரடி கிட்டே போனார்.

"அங்கிள்," என்றார் ரஞ்சன் கடைசியில். "நானும் போய்ட்டு வந்துடறேன். மத்தியானமும் சாப்பிடல."

அவர் காலடிச் சத்தம் படியில் இறங்கி மறைந்தது. ரமணனுக்கு மனசு நிறைந்துவிட்டது. இதைவிடப் பெரிய விமர்சனம் தனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்று அவருக்குப் பட்டது. காலையிலிருந்து பட்டினி கிடந்தது அப்போதுதான் அவருக்கும் நினைவு வந்தது.

"வா சரசு. நாமளும் போவோம். தீந்துடப் போவுது."

சரசு நகரவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, படத்தில் இருப்பவளைப் பார்த்தபடி நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க," என்றாள் திரும்பாமலே. "அவ சாப்பிட்டு முடிக்கட்டும். நான் கூட இருந்துட்டு வர்றேன்."